தொடக்கப்பள்ளிக் குழந்தையின் பேச்சும் அறிவு வளர்ச்சியும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி, மாலைநேர வகுப்பு ஆசிரியர்கள், பெற்றோர்கள், இளைஞர்கள் ஆகியோர் முன் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடை என்றால், நம்மவருள் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி மகிழ்வது வழக்கம். அக்கணக்கைச் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் அழகுறச் சொல்லிவிட்டார். அக்கணக்கில் சேராமற்போன பிள்ளைகளைப் பற்றிப் பேச நான் வந்திருக்கின்றேன். அவர்களுள் பலர் தவறிப்போனது பத்தாம் வகுப்பில் என்று பதிவேடு சொல்லும். என் அனுபவம் வேறு. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும், ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் அவர்கள் வாய் மூடிப்போயிருந்தார்கள். அதற்குப் பின் மேல்வகுப்புகளில் பெயரளவுக்கு அமர்ந்திருந்தார்கள்.

"இந்தப் பிள்ளைக்குப் பேச்சே வராது, வீட்டில் மொழிவளம் இல்லை, என்ன சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது" என்று ஆசிரியர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். நானும் சொல்லியிருக்கின்றேன். இக்கூற்று சரிதானா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பள்ளி வாயிலை மிதிப்பதற்கு முன்பே ஒரு குழந்தை செய்து முடித்துவிட்ட வேலையை முதலில் எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய ஓராண்டு நிறையும்போது முதற்சொல் பிறக்கின்றது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இரண்டு சொற்களை இணைத்துத் தன் விருப்பத்தைச் சொல்லிவிடுகின்றது. நான்கைந்து வயதிற்குள் தாய்மொழி இலக்கணத்தின் பெரும்பகுதியை, எவரும் கற்பிக்காமலே, தன்வயப்படுத்திக் கொள்கின்றது. எழுத்தறியாத தாயின் மடியில் வளர்ந்த குழந்தையும் "அம்மா வந்தான்" என்று சொல்வதில்லை. "மாடு வந்தாள்" என்றும் சொல்வதில்லை. திணை, பால், எண், இடம், காலம் அனைத்தையும் ஒரு வினைமுற்றில் பொருத்தும் அவ்வித்தையைக் கரும்பலகையில் விளக்குவதற்கு, பி.ஏ., பி.எட். படித்த நான் ஒரு பாடவேளை முழுவதும் திணறுகின்றேன். குழந்தையோ பந்தைத் துரத்தி ஓடிக்கொண்டே அதனைச் செய்கின்றது. இத்தகைய மூளையைப் பார்த்து மொழி இல்லை என்று சொன்னால் எப்படிப் பொருந்தும்?

இதே கூற்று அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களின் குழந்தைகளைப் பற்றியும் 1960களில் எழுந்தது. அக்குழந்தைகளின் வீட்டில் மொழி வறண்டு கிடக்கின்றது, ஆகவே சிந்தனையும் வளரவில்லை என்று கல்வியாளர் சிலர் எழுதினர். வில்லியம் லபோவ் என்னும் மொழியியல் அறிஞர் அதனை மறுத்து 1969இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அதில் சொல்கின்றார். பேட்டி காணச் சென்றவரும் கறுப்பினத்தவர், அப்பகுதியை நன்கறிந்தவர். ஆயினும் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிறுவன் ஒரு சொல்லும் அரைச் சொல்லுமாகவே விடையளித்தான். அடுத்தமுறை அவர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை எடுத்துச் சென்றார். சிறுவனின் உற்ற தோழனையும் உடன் அழைத்துக்கொண்டார். நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். பெரியவர் முன் வாயில் வரக்கூடாத பேச்சையும் தாமே பேச்சில் கலந்தார். அவ்வளவுதான். ஒற்றைச் சொல் பேசிய அச்சிறுவன், தோழனை இடைமறித்து, மறுத்து, வாதாடி, ஓயாமற் பேசத் தொடங்கிவிட்டான். அவன் மூளை இடையில் மாறிவிடவில்லை. மாறியது பெரியவர் அமர்ந்திருந்த உயரம்.

இக்கட்டுரையின் செய்தியைப் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன். முன்னமே அறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நம் மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இச்சவ்வாது மலையில் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். (வெளியூர் இளைஞர்கள் கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டா, இவர்கள் தாய்மொழி தமிழ்.) நான் அடிவாரத்துக் காலனியில் பிறந்தவன். போளூரிலிருந்து சமுனாமரத்தூர் செல்லும் பேருந்தில் ஒரு தகரப் பெட்டியுடன் ஏறி வந்து, இம்மக்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியனானவன்.

முதல் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். படவிளக்க அட்டையைச் சுவரில் மாட்டி, "இது என்ன?" என்று கேட்பேன். அட்டையில் கப்பலும் தொடர்வண்டியும் இருந்தன. அவன் என் முகத்தைப் பார்ப்பான், அட்டையைப் பார்ப்பான், பிறகு தரையைப் பார்ப்பான். 'மெல்லக் கற்போன்' என்று பதிவேட்டில் எழுதினேன். ஒருநாள் மாலை அவர்கள் வீட்டு ஆட்டுப்பட்டி வழியே நடந்துவரும்போது, அவன் தன் தாத்தாவிடம் பேசுவது காதில் விழுந்தது. "அந்தக் கருப்பு ரெண்டாம் ஈத்து தாத்தா. இந்த வாட்டி ரெட்டதான் போடும். வயிறு எறங்கியிருக்குது பாரு. அத மேய உடாத, பள்ளத்துல குட்டி போட்டுச்சின்னா நரி தூக்கினு போய்டும்" என்றான். நான் வேலியோரம் நின்றுவிட்டேன். அவன் கண்ட சான்று இருக்கின்றது. சான்றிலிருந்து ஊகம் இருக்கின்றது. இனி நடக்கப்போவதைப் பற்றிய கணிப்பு இருக்கின்றது. 'இவ்வாறு நடந்தால் இவ்வாறு ஆகும்' என்னும் நிபந்தனை வாக்கியம் இருக்கின்றது. விஞ்ஞானி ஒருவன் வேறு என்ன செய்கின்றான்? மறுநாள் பதிவேட்டை எடுத்து நான் எழுதியதை அடித்தேன். அதுவரை எத்தனை பிள்ளைகளைப் பற்றி அவ்வாறு எழுதியிருந்தேனோ, அவற்றையெல்லாம் அடிக்க இயலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவலூரில் விண்ணோக்கு நிலையம் இருப்பதை அறிவீர்கள். 1986ஆம் ஆண்டு தொடக்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கு இருக்கின்றது. வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கியது. ஒருமுறை பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றோம். திரும்பி வரும் வழியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் சட்டையை இழுத்து, "பகல்ல நச்சத்திரம்லாம் எங்க சார் போயி குந்தும்?" என்று கேட்டாள். எவ்வளவு பெரிய கேள்வி! சூரியன் முன்னால் சிறு விளக்கின் கதி என்ன என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தோம். மறுநாள் வகுப்பில், 'நான் கண்ட தொலைநோக்கி' என்று ஐந்து வரிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் சொன்னார்கள். "தொலைநோக்கி மிகவும் பெரியது. அதனைக் கண்டு நாங்கள் மகிழ்ந்தோம்" என்று அச்சிறுமியும் அழகாக எழுதியிருந்தாள். அவளுடைய கேள்வி எங்கும் இல்லை. 'குந்துதல்' அகராதியில் உள்ள தமிழ்ச்சொல் என்பதையும் இங்கே குறித்துவைக்கின்றேன். அச்சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அகராதியைப் புரட்டாதவர்கள்.

இனி எழுத்துக்கு வருகின்றேன். இங்கேதான் நாம் மிகுதியும் தவறு செய்கின்றோம்.

நம் வட்டாரத்தில் ழகரம் பேச்சில் யகரமாக ஒலிக்கும். மழை 'மய' ஆகும். கோழி 'கோயி' ஆகும். வாழைப்பழத்தை நாம் எவ்வாறு சொல்வோம் என்பதைக் கொண்டு திரைப்படங்களில் எத்தனையோ பேர் சிரிப்பு மூட்டிப் பிழைத்திருக்கின்றார்கள். மதுரைப் பக்கம் பலரும் 'வாளப்பளம்' என்கின்றனர். அங்கே ழகரம் ளகரம் ஆகின்றது. இலையை 'எல' என்றும், உடம்பை 'ஒடம்பு' என்றும் சொல்வது எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் உண்டு. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துத் தமிழை வீட்டில் தாய்மொழியாகப் பேசும் குடும்பம் தமிழகத்தில் ஒன்றேனும் இருப்பதாக நான் அறியேன். சார்லஸ் பெர்குசன் என்னும் அறிஞர் 1959இல், ஒரே மொழிக்குள் உயர்வழக்கும் பேச்சுவழக்கும் தனித்தனியே நிலவும் இத்தன்மையை இரட்டை வழக்கு என்று விளக்கினார். நமக்கு இது புதிதன்று. வழக்கு, செய்யுள் இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் செய்யப்பட்டது என்று அதன் பாயிரம் சொல்கின்றது. ஆகையால் முதல் வகுப்பில் சேரும் தமிழ்க் குழந்தை ஒவ்வொன்றும் ஒரு வழக்கிலிருந்து மற்றொரு வழக்குக்கு ஏறவேண்டியுள்ளது. சிலருக்குப் படி தாழ்வாக இருக்கின்றது. வீட்டில் செய்தித்தாள் உண்டு, கதைப்புத்தகம் உண்டு, படித்த பாட்டி உண்டு. நம் பிள்ளைகளுக்கும் மலைப்பிள்ளைகளுக்கும் படி உயரமாக இருக்கின்றது. படி உயரமாக இருப்பதைக் கால் ஊனம் என்று எழுதிவைத்தோம்.

ஒரு குழந்தை 'கோயி' என்று எழுதினால் என்ன நடந்திருக்கின்றது என்று பாருங்கள். தன் காதில் விழும் ஒலியை இரண்டாகப் பிரித்திருக்கின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய எழுத்தை 247 எழுத்துகளுக்குள் தேடி எடுத்திருக்கின்றது. ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி இட்டு 'கோ' ஆக்கியிருக்கின்றது. யகரத்துக்கு மேல் வளைத்து 'யி' ஆக்கியிருக்கின்றது. எழுதக் கற்பதில் கடினமான பகுதி முழுவதையும் அது கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது ஒன்றே: 'நாம் கோயி என்று சொல்வதைப் புத்தகத்தில் கோழி என்று எழுதுவார்கள்' என்னும் செய்தி. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். இதற்கு மாறாக, கரும்பலகையைப் பார்த்துக் 'கோழி' என்று பிழையின்றிப் படியெடுத்த குழந்தை, அப்பகுதியை இன்னும் தொடாமலே இருக்கலாம். நாம் முதற்குழந்தையின் பலகையில் சிவப்புக் கோடு இழுத்து, இரண்டாம் குழந்தையின் பலகையில் 'நன்று' என்று எழுதுகின்றோம்.

நான் இழுத்தேன். இதைச் சபையில் சொல்லவேண்டுமா என்று நெடுநேரம் எண்ணினேன். சொல்லாவிட்டால் மற்றவை அனைத்தும் வெறும் பேச்சாகிவிடும். பணிக்கு வந்த புதிது. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, எவர் சொல்லியும் தராமல், "கோயி முட்ட போட்டுச்சி" என்று பலகையில் தானாகவே எழுதிக்கொண்டு ஓடிவந்து காட்டினாள். நான் அதை வகுப்பின் முன் உரக்கப் படித்தேன். வகுப்பே சிரித்தது. 'கோழி' என்று நூறு முறை எழுதச் சொன்னேன். எழுதினாள். அதன்பின் அவள் தானாக எதையும் எழுதிக் காட்டவில்லை; கேட்டாலொழியப் பேசவுமில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நின்றுவிட்டாள்.

நான் ஏன் அவ்வாறு செய்தேன் என்று இப்போது தெரிகின்றது. அடிவாரத்து ஊர்ப் பள்ளியில் நான் படித்தபோது, காலனிப் பேச்சு என்று சொல்லி என்னை எழுப்பி நிறுத்திப் 'பழம்' என்று சொல்லவைத்துச் சிரித்திருக்கின்றார்கள். அந்த ழகரத்தைத் தனியே ஏரிக்கரையில் நின்று பழகினேன். அதனை வென்றதாக எண்ணிக்கொண்டு மலையேறினேன். என் நாக்கின்மேல் விழுந்த அடியை அச்சிறுமியின் நாக்கின்மேல் இறக்கினேன். நம்முள் படித்து மேலேறிய பலரும் தம் பிள்ளைகளிடமும், மாலைநேர வகுப்புக்கு வரும் அண்டைவீட்டுப் பிள்ளைகளிடமும் இதனையே செய்துகொண்டிருக்கின்றோம் என்ற அச்சம் எனக்கு உண்டு. "காலனி பாஷையைப் பேசாதே" என்று நம் வாயாலேயே சொல்கின்றோம்.

பேச்சை அடக்கினால் சிந்தனை ஏன் தளர வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தை தனியே விளையாடும்போது கவனித்திருப்பீர்கள். "இத இங்க வெக்கணும்... இல்ல, வுயுந்துடும்... பெரிய கல்லு கீய இருக்கட்டும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே கல்லடுக்கும். பியாஜே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1923இல் எழுதிய நூலில் இப்பேச்சை ஆராய்ந்து, வயது ஏறஏற இது மறைந்துபோகும் என்று கருதினார். உருசிய நாட்டின் வைகோட்ஸ்கி அதனை மறுத்தார். காசநோயால் 37 வயதிலேயே, 1934இல் மறைந்தவர் அவர். அவருடைய புகழ்பெற்ற நூல் அவ்வாண்டே வெளிவந்தது. அப்பேச்சு மறைவதில்லை, உள்ளே செல்கின்றது, உட்சென்ற பேச்சே நாம் எண்ணமிடுவதற்குக் கருவியாகின்றது என்பது அவர் கண்ட முடிவு. முதலில் பிறரோடு பேச்சு. பின் தன்னோடு பேச்சு. பின் ஒலியற்ற சிந்தனை. ஐந்து முதல் ஏழு வயது வரை இம்மாற்றம் மும்முரமாக நடைபெறும் காலம். அதே காலத்தில்தான் நாம் "வாயை மூடு, கையைக் கட்டு" என்கின்றோம்.

அப்படியானால் வீட்டுப் பேச்சே போதும், எழுத்துத் தமிழ் எதற்கு என்று வாதிடுவாரும் இப்போது தோன்றியிருக்கின்றனர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வைகோட்ஸ்கியின் தோழர் லூரியா 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் சிற்றூர்களுக்குச் சென்று உழவர்களிடம் சுத்தியல், இரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கின் படங்களைக் காட்டி, சேராத ஒன்றைக் கேட்டார். எழுத்தறியாதோர், "நான்கும் வேண்டும், கட்டை இல்லாமல் இரம்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற போக்கில் விடை கூறினர். சிறிது காலம் பள்ளிக்குச் சென்றவர்களோ கட்டையை விலக்கி, மற்றவை மூன்றும் கருவிகள் என்றனர். உழவர் விடையில் அறிவுக்குறைவு ஒன்றுமில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த விடை. ஆனால் பொருள்களை வாழ்க்கையிலிருந்து பிரித்தெடுத்து, 'கருவி' என்னும் ஒரு சொல்லின்கீழ் அடுக்கும் பழக்கத்தைப் பள்ளியும் எழுத்தும் தருகின்றன. தேர்வு கேட்பதும், சட்டம் பேசுவதும், மருத்துவ நூல் எழுதப்படுவதும் அப்பழக்கத்தில்தான். அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் ஆகிவிட்ட இந்நாளில், எழுத்துத் தமிழில் தடுமாறும் பிள்ளையை எந்த இடஒதுக்கீடும் கரை சேர்க்காது.

மேலும், எழுத்துத் தமிழ் பிறர் உடைமை என்று நம்மவர் கூசவும் தேவையில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி கண்டார். அத்தமிழ் நம் பிள்ளைகளுக்கு முழுமையாக வந்துசேர வேண்டும். அதற்கான வழி பற்றியதே என் பேச்சு. ஏணியின் அடிப்படி வீட்டுப் பேச்சாக இருக்கவேண்டும். அதை எடுத்துவிட்டு மேற்படியில் நிற்கச் சொன்னால் குழந்தை விழும்.

அரசும் இத்திசையில் சில முயற்சிகள் செய்துள்ளது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆசிரியரைத் தரைக்கு இறக்கியது. அதுவரை நாற்காலியில் இருந்த எனக்கு முழங்கால் வலித்தாலும் நன்மையே. கொரோனாக் காலத்திற்குப் பின் 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் நம் இளைஞர்களும் தன்னார்வலராகப் பணிபுரிந்தனர். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கச் சொன்னது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி மன உளைச்சல் தருவதையும் தடுக்கின்றது. என் நூறு 'கோழி'கள் இன்று அப்பிரிவின்கீழ் வரக்கூடும். எனினும் அட்டையும் பயிற்சிநூலும் குழந்தையோடு உரையாட மாட்டா. வகுப்பு ஓசையின்றி இருந்தால் நல்ல ஆசிரியர் என்று இன்றும் நம் ஊரார் சொல்கின்றனர்.

மூன்று வயதிலேயே ஆங்கில மழலையர் பள்ளிக்கு வேன் ஏற்றும் வழக்கம் அடிவாரத்தில் பெருகிவிட்டது. பெற்றோரின் ஏக்கம் எனக்குப் புரியாததன்று. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் தாயை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் குழந்தை தனக்குத் தெரிந்த மொழியில் கல்வியைத் தொடங்குவதே நன்று என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953லேயே வலியுறுத்தியது. தமிழில் ஏன், எதற்கு என்று கேட்டுப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தையும் கேட்டுக் கற்றுக்கொள்ளும். இரண்டிலும் 'எஸ் மிஸ்' என்று மட்டும் சொல்லப் பழகிய பிள்ளையை எட்டாம் வகுப்பில் என்னிடம் கொண்டுவந்து சேர்க்கின்றார்கள்.

மாலைநேர வகுப்பு நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள் சில. வந்தவுடன் எழுதச் சொல்லாதீர்கள். முதல் கால்மணி நேரம் பேசவிடுங்கள். "இது என்ன?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லே விடை. "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?", "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள், 'ஏன்னா', 'அதனால', 'இல்லாட்டி' என்னும் சொற்கள் குழந்தையின் வாயில் வரத் தொடங்கும். அவை சிந்தனையின் மூட்டுகள். கேட்டபின் பொறுத்திருங்கள். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தனர். அதனை மூன்று நொடியாக்கியபோது விடைகள் நீண்டன; அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினர். மூன்று நொடி! செலவில்லாத சீர்திருத்தம் இதைவிட எனக்குத் தெரியாது. நான் மேசைக்குக் கீழே விரல்விட்டு எண்ணிப் பழகினேன். முதல் வாரம் மிகக் கடினமாக இருந்தது.

தாய்மார்களே, "எங்களுக்குப் படிப்பில்லை, நாங்கள் என்ன சொல்லித் தருவோம்" என்கின்றீர்கள். சாமை புடைக்கும்போது நொய் எது, உமி எது, ஏன் காற்று வரும் பக்கம் பார்த்து நிற்கின்றோம் என்று பிள்ளையோடு பேசுங்கள். விடுகதை போடுங்கள், ஒன்றைச் சொல்லாமற் சொல்லி மற்றொன்றைக் கண்டுபிடிக்கச் செய்யும் அக்கலை மூளைக்குச் சிறந்த பயிற்சி. கைப்பேசி ஓயாமற் பேசும். ஆனால் பிள்ளை கேட்டதற்கு நின்று விடை சொல்லாது. மலையிலும் அடிவாரத்திலும் பிழைப்புத் தேடித் தாயும் தந்தையும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பலர். மரம் வெட்டச் சென்ற தந்தை திரும்பாத வீடுகளும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேருள் இம்மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். அத்தகைய வீட்டுப் பிள்ளை வகுப்பில் பேசாமல் அமர்ந்திருந்தால், 'மொழிவளம் இல்லை' என்று எழுதுமுன் ஆசிரியர் வீடுவரை ஒருமுறை நடந்து சென்று வரவேண்டும்.

இறுதியாக ஒரு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகளை முதல் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் அவரைக் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. "சார், எங்கொயந்தைக்குப் பேச்சு வராது சார், என்ன மாதிரியே" என்றார். கோழி முட்டை போட்டதை எழுதிக்கொண்டு ஓடிவந்த அதே சிறுமி.

அந்த ஆண்டுதான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்தேன். காலையில் ஒரு பிள்ளை சொல்வதை, அது சொல்லும் ஒலியிலேயே இடப்பக்கத்தில் எழுதுவேன். பிள்ளை விரல் வைத்துப் படிக்கும். சில வாரம் கழித்து அதனையே புத்தகத் தமிழில் வலப்பக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுதுவோம். இப்பக்கம் வீட்டுச் சட்டை, அப்பக்கம் திருவிழாச் சட்டை என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டனர். அம்மகள் முதல் இரண்டு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம், "எம்பல்லு வுயுந்துடுச்சி, ஆயா கூர மேல எறிஞ்சிச்சி, அது எலிக்கு" என்று மூன்று தொடர்கள் சொன்னாள். மாலையில் தாய் வந்தபோது அப்பக்கத்தைக் காட்டினேன். அவர் நின்றபடியே, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்து, "இப்பிடிக்கூட எய்தலாமா சார்?" என்று கேட்டார். எழுதலாம் என்றேன். அவ்வொரு சொல்லை நான் பல ஆண்டுகள் தாமதமாகச் சொன்னேன்.

அந்நோட்டை இன்று கொண்டு வந்திருக்கின்றேன். செயலாளர் அவர்களின் மேசைமேல் இருக்கின்றது. மாலைநேர வகுப்பு நடத்துவோர் போகுமுன் புரட்டிப் பாருங்கள். சங்கத்தின் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு நோட்டுகள் வாங்கித் தரத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார்.